எம்.டி. ரூம்ல லைட் அணைஞ்சாச்சா?

காலை ஒன்பது பத்து. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது முன்வரிசைதான். வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். ஒன்றில்கூட ஆள் இல்லை. கடைசி வரிசையிலோ நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இடம் மட்டாஞ்சேரி. ஒரு காலத்தில் மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கு, இப்போது ஏ.சி. போட்டுக் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அன்று மனிதவள அதிகாரிகளின் மாநாடு. தலைமைப் பண்பு, அலுவலகக் கலாசாரம்... இந்த மாதிரித் தலைப்புகள். கேள்வி-பதில் பகுதியை நடத்தித் தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"முன்னாடி வந்து உட்காருங்களேன்" என்றேன், கடைசி வரிசையில் பாதி நாற்காலியில் தொற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம்.

"அய்யோ, வேணாம் சார். எங்க எம்.டி. இன்னும் வரல்லே."

பெயர் சபீனா. காக்கநாட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுத் தலைவி. வீடு இதே மட்டாஞ்சேரியில், இரண்டு தெரு தள்ளி. சாயா இடைவேளையில் தமிழ் எங்களைச் சேர்த்துவிட்டது. கூடவே அவருடைய கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் ஜெயஸ்ரீ. திருப்பூணித்துறைக்காரர், பூர்வீகம் பாலக்காடு. பிரிவுத் தலைவர்களையும் வரச் சொல்லியிருந்ததால், அந்தக் கடைசி வரிசை முழுக்க அவர்கள் ஆபீஸ்காரர்கள்தானாம்.

"இந்த மாசத்தோட நான் நிக்கிறேன் சார்" என்றார் சபீனா. "மச்சானோட மசாலாக் கடையில உக்காரப் போறேன்."

நல்ல வேலையை விட்டுவிட்டா? ஏன்?

"நான் வீடு போய்ச் சேரும்போது மோள் உறங்கியிருக்கும். அஞ்சே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு, கலூர் வழியா நேரே இங்கே வரும். தெனமும் ஜன்னல் வழியா பாத்துட்டே இருப்பேன். காலியாப் போகும்."

"ஏறிப் போக வேண்டியதுதானே?"

இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"எம்.டி. ரூம்ல லைட் எரியறதே... எப்படி எழுந்து போறது?" என்றார் ஜெயஸ்ரீ. "அஞ்சரைக்குப் போகலாம்னு நான் சர்க்குலரே விட்டாச்சு. யார் போனா?"

"சேச்சியே போகல்லையே!" என்றார் சபீனா.

ஜெயஸ்ரீ சாயாவைக் கவனமாகக் குடித்தார்.

அந்த அலுவலகத்தில் வேலை ஐந்தரைக்குள் முடிந்துவிடுமாம். அதன் பிறகு? ஒருவர் ஆன்லைனில் காய்கறி வாங்குவார். ஒருவர் மகனுக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். நடுவில் யாராவது கழுத்தை நீட்டிப் பார்ப்பார் — "லைட் அணைஞ்சாச்சா?" இல்லை. எட்டு மணிக்கு வாட்ச்மேன் பூட்ட வரும்வரை இதே கதை.

பதினொரு மணிக்கு அந்த எம்.டி.யே மேடையேறினார். கிருஷ்ணன். பாலக்காட்டுக்காரர். பேச்சு நன்றாகவே இருந்தது. முடிவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "என் ஆபீசில் கடைசி ஊழியர் கிளம்பும்வரை என் அறை விளக்கு அணைந்ததே இல்லை. தலைவன் கடைசியில்தான் போக வேண்டும்!"

அரங்கமே கைதட்டியது. ஒரு வரிசையைத் தவிர. எந்த வரிசை என்று சொல்லவும் வேண்டுமா?

கேள்வி நேரம். முதல் கை — ஜெயஸ்ரீயுடையது. சம்பளம் கொடுக்கிறவரிடம், நூறு பேர் பார்க்க, என்ன கேட்கப் போகிறார்? மைக்கை நீட்டினேன். அதுவரை மேடையில் ஆங்கிலம்தான். அவர் வாயில் வந்ததோ ஆத்துத் தமிழ்.

"சார், நீங்க எட்டு மணி வரைக்கும் எதுக்காக்கும் உக்காந்திருக்கேள்?"

"என்ன ஜெயா இது? நீங்க எல்லாரும் உக்காந்துண்டிருக்கேளே... நான் எப்படி எழுந்து போறது?"

"நாங்க, நீங்க இருக்கேள்னுன்னா உக்காந்திருக்கோம்!"

கடைசி வரிசையில் கிளம்பிய சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. கிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ அஞ்சரைக்கு மேல உங்களுக்கு வேலை இல்லையா?"

"இல்லை சார். உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை" என்றார் மெதுவாக. "பழைய கிரிக்கெட் மேட்ச் பாத்துண்டிருப்பேன். இதுக்காக ஆத்துல தினம் சண்டை."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். "சரி, என்ன செய்யணும்? சொல்லுங்கோ."

பின்னாலிருந்து சபீனா எழுந்தார். "சாரே, ஒண்ணும் செய்ய வேணாம். நீங்க முதல்ல எந்திரிச்சாப் போதும்!"

இந்தக் கைதட்டலில் அந்த வரிசையின் சத்தம்தான் அதிகம்.

மேடையில் சிரிப்பது சுலபம். திங்கட்கிழமை? ஜெயஸ்ரீ போனில் சொன்னார். ஐந்தரைக்கு விளக்கு அணைந்தது. கிருஷ்ணன் டிபன் பையை எல்லோருக்கும் தெரியும்படி வீசிக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து போனார். ஒருவரும் அசையவில்லை! கம்பெனியை விற்கப் போகிறாரோ என்றுகூட ஒருவர் கிசுகிசுத்தார். கார் கேட்டைத் தாண்டுகிறதா என்று ஜன்னலில் கூட்டம். தாண்டியது. முதலில் பையைத் தோளில் மாட்டியவர் — ஜெயஸ்ரீ. பின்னாலேயே சபீனா.

சர்க்குலரை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் படிப்பது அந்த ஒரு விளக்கைத்தான். மேலே இருப்பவர்களே, உங்கள் ஸ்விட்சைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சபீனா வேலையை விடவில்லை. மச்சான்தான் கடைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை, ஐந்தே முக்கால் பஸ்ஸில் சபீனாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.