துபாயிலிருந்து மதுரைக்கு நாலு மணி நேரம்

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. துபாயிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம் என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அப்பா அங்கே கட்டட வேலையில் இருந்தார். அந்தத் தூரத்தைப் போனில் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "நாலே மணி நேரந்தான் தாயி. நீ பள்ளிக்கூடம் போயி மத்தியானம் சாப்பிட உக்காருறதுக்குள்ள நான் மதுரையில எறங்கிருவேன்" என்பார்.

அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி எங்கள் ஊரான எரியோட்டுக்கே தெரிந்திருந்தது, என்னைத் தவிர. பெரியப்பா வந்து, "ஒங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஊருக்குக் கூட்டியாராங்க" என்று சொல்லி, பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்கு என்னை அழைத்துப்போனார். அம்மாவுக்கும் காய்ச்சல் என்றார். இரண்டையும் நம்பினேன். நம்புவதில் அந்த வயதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு வாரம் போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் பெரியப்பா யாரிடமோ, "பேப்பரு இன்னும் முடியலயாம். பத்து நாளாகும்போல" என்று சொல்ல, நான் குறுக்கே புகுந்தேன்.

"பத்து நாளா? நடந்தா வாராரு?"

வந்திருந்தவர் குரலைத் தாழ்த்தி, "எப்பத்தான் வருதாம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவை 'வந்துச்சு' என்று சொன்னதற்காக அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியவள் நான்.

"வருதா? எங்கப்பா என்ன ஆடா மாடா? வாராருன்னு சொல்லுங்க."

"தப்புதான் தாயி" என்று அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு பெரிய மனிதரைத் திருத்திவிட்ட பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனாலும் எல்லோரும் 'வருது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யோசித்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பெட்டி! அப்பா வரும்போதெல்லாம் கயிறு கட்டிய பெட்டி ஒன்று வரும். உள்ளே கம்பளி, தைலம், பால்பவுடர், எனக்கு மிட்டாய். மேலே அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இவர்கள் பெட்டியைத்தான் சொல்கிறார்கள்.

ஒருநாள் காலையில் பெரியப்பா மதுரைக்குக் கிளம்பினார். "அங்க எட்டு மணிக்கு ஏத்துறாங்களாம்" என்று போனில் சொன்னது காதில் விழுந்தது. எட்டும் நாலும் பன்னிரண்டு. மதுரையிலிருந்து எரியோட்டுக்கு இரண்டு மணி நேரம். அன்று என்னை எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போயிருந்தார்கள். இரண்டு மணிக்கு வாசலில் போய் நின்றேன். வண்டி வரும்போது ஐந்தாகிவிட்டது. துபாய்க் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதும், இறங்கிய பிறகும் கையெழுத்துகள் உண்டு என்பதும் என் கணக்கில் இல்லை.

ஆம்புலன்ஸிலிருந்து நீளமாக ஒரு பெட்டியை இறக்கினார்கள். மேலே அப்பாவின் பெயர். இவ்வளவு பெரிய பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் கூட்டத்துக்குள் புகுந்து அம்மாவிடம் ஓடினேன். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அழாதம்மா. பெட்டி வந்துருச்சுல்ல? அப்பா பின்னாடி வாராரு. நாலு மணி நேரந்தான்."

அம்மா என் வாயை இறுக்கிப் பொத்தினாள். இந்தத் தடவை 'வாராரு' என்று சரியாகத்தானே சொன்னேன், பிறகும் ஏன் பொத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.