நெல்லின்மீது ஏறிய கார்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலையில் மூடுபனி, பிற்பகலில் கண் கூசும் வெயில்.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தேவநாதன் மனைவி தில்லையம்மாளுடன் சிதம்பரத்திலிருந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கீரப்பாளையத்தைத் தாண்டி, வயலை வீட்டுமனையாக்கிய ஒரு புதுக் குடியிருப்பில், தாமே வரைபடம் போட்டுக் கட்டிய வீடு அவருடையது. பேருந்து நிறுத்தம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். பாலுக்கும் மாத்திரைக்கும் கார்தான். தில்லையம்மாளுக்கு ஓட்டத் தெரியாது.

குளுக்கோமா எனும் கண் நீரழுத்த நோயால் தேவநாதனின் பார்வை குறைந்துவந்ததை அவ்விருவர் மட்டுமே அறிவர். கார் ஓட்டுவது நின்றுபோனால் அந்த வீட்டில் இருக்க முடியாது என்பதால், பிள்ளைகளிடமும் அவர் சொல்லவில்லை. தில்லையம்மாள் பக்கத்தில் அமர்ந்து சாலையைச் சொல்லிக்கொண்டு வருவார். முன்பு பேருந்தில் ஊர்க்கதை முழுவதும் பேசிவந்த அந்த அம்மையார், இரண்டாண்டுகளாகக் காரில் "எடது பக்கம் மாடு", "பள்ளம், மெதுவா" என்பவற்றுக்கு மேல் பேசியதில்லை.

சம்பா அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல்லைக் காயவைத்து, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். எதிர்வெயிலில் அவருக்குக் கல்லும் தெரியவில்லை, நெல்லும் தெரியவில்லை. தில்லையம்மாள் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டார். கார் நெல்லின்மீது ஏறி நின்றது.

நெல்லை வாரிக்கொண்டிருந்த, அவர்களுக்குப் பழக்கமான விவசாயி சின்னையன் துள்ளி விலகியதால் தப்பினார்.

"என்ன மாமா, மாடுகூட நெல்ல சுத்திக்கிட்டுதான் போவுது. நீங்க நேரா வர்றீங்க?"

"என்மேலதான் தப்பு தம்பி. கண்ண மூடிட்டேன்," என்றார் தில்லையம்மாள்.

"வண்டி ஓட்டுனது அவரா, நீங்களா அத்த?"

தேவநாதன் இறங்கி, சிதறிய நெல்லைக் கையால் கூட்டிக் கொடுத்தார். பிறகு சாவியைச் சின்னையனிடம் நீட்டினார்.

"வீடு வரைக்கும் நீ ஓட்டுப்பா. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

ஏப்ரலில் காரை விற்று, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இருவரும் சிதம்பரத்தில் கீழவீதியை அடுத்த சந்தொன்றில் இரண்டு அறைகளுக்குக் குடிவந்தனர். கொசு உண்டு, சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மருந்துக்கடை நான்கு வீடு தள்ளி.

சென்ற வாரம் உரம் வாங்க வந்த சின்னையன், காய்கறிப் பையுடன் கைகோத்து நடந்துவந்த அவர்களைக் கண்டார். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்த தில்லையம்மாள் பாதியில் நிறுத்தினார்.

"வீட்டயும் காரயும் உட்டுட்டு வந்தது கஷ்டமா இல்லியா மாமா?"

"கஷ்டந்தான். ஆனா இவ இப்ப என்கிட்ட பேசிக்கிட்டு வர்றா."