கெட்டுப்போகாத பிட்டு

சந்தையில் எந்தப் பையைக் கண்டாலும் சிங்காரம் விலை கேட்பதில்லை. வலது கையை முஷ்டி பிடித்து முழங்கை வரைக்கும் அதற்குள் விட்டுப் பார்க்கிறார். முஷ்டி அடியில் முட்டியும் முழங்கை பையின் வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், "பத்தாது" என்று கையை உருவிக்கொள்கிறார். ஜமுனாமரத்தூர் சந்தையில் வயர் கூடை விற்கும் பாஞ்சாலைக்கு இது பழகிவிட்டது. "இன்னாண்ணே, மாட்டுக்குப் பிரசவம் பாக்கறாப்பல கைய வுடறீங்க?" என்று கேட்பாள். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சிங்காரம் சிரிக்க மாட்டார். அளவு எடுக்கும்போது அவருக்குச் சிரிப்பு வராது.

அந்த முழங்கை அளவு அவருடைய லென்ஸின் அளவு. தூரத்தில் இருப்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துவந்து காட்டும் பெரிய லென்ஸ். சென்னையில் பார்வை மங்கித் தொழிலை விட்ட ஒரு பத்திரிகைப் படக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. ஒரு நல்ல பூசணிக்காய் கனம் கனக்கும். சிங்காரம் அதை லென்ஸ் என்று சொல்வதே இல்லை. "நம்மாளு" என்பார். "நம்மாளுக்கு ஈரம் ஆவாது." "மழ வருது, நம்மாளு வூட்லயே இருக்கட்டும்." புதிதாகக் கேட்பவர்கள் வீட்டில் யாரோ சீக்காளி இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நம்மாளைத் தாங்கி நிற்க ஒரு மூன்றுகால் ஸ்டாண்டும் உண்டு. மலைக்காரர்கள் அதற்கு முக்காலி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவரும் அப்படியே சொல்கிறார்.

இந்தப் பக்கத்தில் அவருடையது ஒன்றுதான் ஸ்டுடியோ. விடுதிப் பிள்ளைகளுக்கு முகம் மட்டும், கல்யாணத்துக்கு முழு உருவம், சாவு வீட்டில் நாற்காலியில் சாய்த்துவைத்துக் கடைசிப் படம். எடுக்கிற எல்லாருக்கும் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "ஆடாதீங்க." சாவு வீட்டிலும் பழக்கதோஷத்தில் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு அதுவே பெயர். "ஆடாதீங்க கடை தொறந்து கீதா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆடாதவர்களையே படம் எடுத்து அலுத்துப்போன மனிதருக்கு, சொன்ன பேச்சுக் கேட்காத ஒன்றின் மேல் ஆசை வந்தது. அது ஒரு பைரி, வல்லூறு ஜாதிப் பறவை. கொல்லிமேட்டில் நின்று பார்த்தால் எதிரே செங்குத்தாக நிற்கும் பாறையில், ஆள் கை எட்டாத பொந்தில் வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கிற ஜோடி. புளி உலுக்கி முடிகிற நேரத்தில் குஞ்சுகள் பொந்து விளிம்புக்கு வந்து நிற்கும். கொஞ்ச நாள் இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும். ஒருநாள் பாறையை விட்டுவிடும். விளிம்பில் நிற்கும் அந்தக் குஞ்சைப் படம் எடுக்க வேண்டும். சிங்காரத்துக்கு வேறு ஆசை எதுவும் பெரிதாகக் கிடையாது. முதல் வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோது பொந்து காலியாக இருந்தது.

போன வருஷம் சரியான நேரத்துக்குத்தான் போனார். எதிர்ப்பாறையில் ஏறினால்தான் பொந்து கண்ணுக்கு நேராக வரும். கடைசிப் பகுதியைக் கையும் காலும் ஊன்றித்தான் ஏற வேண்டும். நம்மாளைத் தோல் பையில் போட்டு வலது தோளில் மாட்டியிருந்தார், முக்காலி இடது கக்கத்தில். பாதி ஏற்றத்தில் தோல் பை சறுக்கி முன்னால் வந்து ஆடியது. "ஆடாதீங்க" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. வலது கை பாறையை விட்டுப் பையைப் பிடித்தது. மனிதர் உருண்டு புதரில் வந்து நின்றபோது நம்மாளுக்கு ஒரு கீறல் இல்லை. சிங்காரத்துக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

கட்டு போட்டிருந்த காலம் முழுக்க ஸ்டுடியோவை நடத்தியது அவர் மனைவி செந்தாமரை. அவள் எடுத்த படங்களில் ஆட்கள் லேசாகச் சிரித்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கட்டு அவிழ்த்த அன்று அவள் கணவனை உட்காரவைத்து, சத்தம் போடாமல் சொன்னாள்:

"கல்லப் புடிக்கறதா, கண்ணாடியப் புடிக்கறதான்னு வந்தப்போ கண்ணாடியப் புடிச்ச மனுசன் நீங்க. உங்கள நம்பறதுக்கில்ல. இனிமே மலைக்குப் போவணும்னா ரெண்டு கையும் சும்மா இருக்கணும். ரெண்டு கையும் சும்மா இருக்கறாப்பல ஒரு பை கெடச்சா போங்க. கெடைக்கலன்னா அந்தக் குருவிய மறந்துடுங்க."

பைரியைக் குருவி என்றதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் பிசகு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அன்று ஆரம்பித்ததுதான் இந்தப் பை தேடும் படலம்.

முதலில் திருப்பத்தூர் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதுகில் மாட்டும் பை வாங்கினார். நம்மாளை வைத்ததும் அதன் வார் தையல் விட்டது. பிறகு கான்வாஸ் துணியில் தாமே நீளமாக ஒரு உறை தைத்து, லென்ஸையும் முக்காலியையும் ஒன்றாகச் சுருட்டி முதுகுக்குக் குறுக்கே கட்டிப்பார்த்தார். கை இரண்டும் சும்மா இருந்தன. அந்த மகிழ்ச்சியோடு சோதனைக்காகப் பஸ் ஏறியவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஜவ்வாது மலையில் துணி சுற்றிய நீளமான கனமான சாமான் என்றால் அது சந்தனக்கட்டை, இல்லாவிட்டால் நாட்டுத் துப்பாக்கி. மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று காவலர் நம்பவில்லை. நம்மாளை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்தார். "வாசன வரலியே" என்றார் ஏமாற்றத்தோடு. பஸ் போய்விட்டிருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் சந்தையில் பார்த்துக்கொண்டிருந்தவர் சுப்பிரமணி. படவேட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுவந்து புளி வியாபாரம் செய்கிறவர். அவரும் ஒருநாள் பாஞ்சாலையின் கூடைக்குள் சிங்காரத்தின் கை போவதைப் பார்த்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான், வாய் வார்த்தையில் வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் சடையன் வந்தார். பைரிப் பாறைக்கு அடியில் சாமைக் கொல்லை வைத்திருப்பவர். குஞ்சு நிலவரம் கொண்டுவருவது அவர்தான். அந்த முறை படவேட்டில் புளி போட்டுவிட்டு வந்திருந்தார், கூடவே ஒரு சேதியும் இருந்தது.

"பட்டாளத்தாரு சொல்லச் சொன்னாருங்க. அவரு வூட்ல பிட்டு கீதாம். பழைய பிட்டுதானாம், ஆனா இன்னும் கெட்டுப்போவலயாம். கூச்சப்படாம வந்து எடுத்துகினு போவச் சொன்னாரு."

சிங்காரம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "பழைய பிட்டா?"

"ஆமாங்க. சும்மாதானே கெடக்குதுன்னாரு."

ஒரு மனிதரிடம் முகத்தைக் கொடுத்து நாலு வார்த்தை பேசினால் இப்படியா? ஆறிப்போன கேழ்வரகுப் பிட்டை மலை இறங்கிவந்து வாங்கித் தின்னும் அளவுக்கா நம்மை நினைத்துவிட்டார்? சிங்காரத்துக்குச் சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் மரியாதை விடக்கூடாது என்று, "எனக்குப் பிட்டு ஒத்துக்காது, நெஞ்ச அடைக்கும்னு சொல்லிடு சடையண்ணே. யாராச்சும் இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுக்கச் சொல்லு" என்றார்.

சடையன் வார்த்தை மாறாமல் அப்படியே போய்ச் சொன்னார். அதுதான் வினையாகிவிட்டது.

அதற்கடுத்த சந்தையில் சுப்பிரமணி ஸ்டுடியோவைத் தாண்டிப் போனார், தலையைத் திருப்பவில்லை. சிங்காரமும் கேமராவைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். பழைய பிட்டு கொடுத்தவருக்கு என்ன கோபம் வேண்டியிருக்கிறது என்று அவருக்கு எரிச்சல். அந்த நேரத்தில்தான் சடையன் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"குஞ்சு ரெண்டும் விளிம்புல நின்னு இறக்கைய அடிக்குதுங்க. அடுத்த சந்தைக்கெல்லாம் இருக்காது. நாலு நாளு தாங்கினாப் பெருசு."

சிங்காரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வருஷமும் போயிற்று. நம்மாளை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முன் கண்ணாடியில் ஊதினார். துடைத்தார். மறுபடி ஊதினார். அழுக்கே இல்லாத கண்ணாடி. சடையன், "நான் தூக்கினு வர்றேங்க, என்னாண்ட குடுங்க" என்றார். "நாளைக்கே உனக்குக் கால் இடறினா உன் பொண்டாட்டிக்கு இன்னா பதில் சொல்றது" என்று தலையை ஆட்டிவிட்டார் சிங்காரம். முகம் சின்னப்பிள்ளை முகமாகத் தொங்கிப்போயிருந்தது. செந்தாமரைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தான் போட்ட நிபந்தனையைத் தளர்த்தவும் மனம் வரவில்லை. விறுவிறுவென்று புளி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனாள். சுப்பிரமணியிடமாவது ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தாள். சிங்காரமும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

"இன்னாண்ணே, எங்க மேல கோவமா?"

"கோவம் இன்னாம்மா" என்றார் சுப்பிரமணி, தராசைப் பார்த்தபடியே. "பட்டாளத்துல சேர்ந்த நாள்லேர்ந்து என் முதுகுல இருந்த பிட்டு அது. பனியில தலைக்கு வெச்சித் தூங்கியிருக்கேன். என் தம்பி கேட்டான், அவனுக்கே குடுக்கல. மனசு வந்து குடுத்தா நெஞ்ச அடைக்குதாம். இல்லாதப்பட்டவனுக்குக் குடுக்கணுமாம்."

"பிட்டையா தலைக்கு வெச்சித் தூங்கனீங்க?"

"வேற எத வெக்கறது?"

செந்தாமரை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சிங்காரத்துக்கு வாய் பிளந்திருந்தது. "அண்ணே" என்றார் மெதுவாக, "உங்க பிட்டுல வார் கீதா?"

"ரெண்டு தோளுக்கும் ரெண்டு வார். இடுப்புக்கு ஒண்ணு. பிட்டுன்னா பின்ன இன்னா?"

பட்டாளத்தில் முதுகில் மாட்டும் பெரிய பைக்கு இந்திக்காரர்கள் சொல்லும் பெயர் அது. அங்கே போன நம் ஆட்களும் அதையே சொல்லிப் பழகி, ஊருக்கு வந்த பிறகும் பிட்டு என்றே சொல்கிறார்கள். விஷயம் விளங்கியதும் செந்தாமரை மூட்டைமேல் சாய்ந்து சிரித்த சிரிப்பில் புளிக்காரப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சுப்பிரமணி கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்துபார்த்தார். முடியவில்லை. "பழைய பிட்டு, கெட்டுப்போவலன்னு நான்தான்யா சொல்லிவுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய புளி லாரியிலேயே சிங்காரம் படவேட்டுக்கு இறங்கிப்போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் பையோடு திரும்பிவந்தார்.

பச்சை நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்ட தடித்த கான்வாஸ். சிங்காரம் முஷ்டியை உள்ளே விட்டார். முழங்கையும் உள்ளே போய், மேலே நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. அந்த நாலு விரலைத் திரும்பத் திரும்பத் தொட்டுப்பார்த்தார். செந்தாமரை ஸ்டுடியோவின் பழைய வெல்வெட் திரையை வெட்டி, இலவம்பஞ்சு திணித்து உள்ளே மெத்தை தைத்தாள். முக்காலியைப் பக்கவாட்டில் கட்டினால் ஒருபுறம் இழுத்தது. மேலே படுக்கவைத்தால் கிளையில் மாட்டும். நடுமுதுகுக்கு நேராகப் பையின் வெளிப்புறத்தில் நிமிர்த்திக் கட்டியதும் சரியாக உட்கார்ந்தது.

அப்போதும் அவள் விடவில்லை. லென்ஸை வெளியே எடுத்துவைத்துவிட்டு, அதே கனத்துக்குத் துணிப்பையில் மண்ணைக் கட்டி உள்ளே போட்டு, ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் கணவனை ஏறி இறங்கச் சொன்னாள். "சிவன் பிட்டுக்கு மண்ணு சுமந்தாரு. எங்க வூட்டுக்காரரு பிட்டுலயே மண்ணு சுமக்கறாரு" என்று பாஞ்சாலையிடம் சொன்னாள். அவர் ஏறுகிறபோது அவள் பையைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை ஏறி இறங்கியதும், "போய்ட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். செந்தாமரை கடையைத் திறந்தாள். விடுதிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், படம் எடுத்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. கேழ்வரகு மாவைப் பிசிறி அடுப்பில் ஏற்றினாள், வேண்டுமென்றேதான். பிட்டு வெந்து ஆறியும்விட்டது. வாசலுக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் ரோட்டு வளைவில் முக்காலியின் கால்கள் முதலில் தெரிந்தன, பிறகு தலை, பிறகு முழு ஆள்.

"ஒண்ணு பறந்துடுச்சி" என்றார் சிங்காரம், வாசலில் நின்றபடியே. "ஒண்ணு இருந்துச்சி. விளிம்புல நின்னுச்சி. நான் ஒண்ணுமே சொல்லல செந்தாமர. எப்டி ஆடணுமோ ஆடிக்கோன்னு வுட்டுட்டேன்."

படம் எப்படி வந்திருக்கும், கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். பையைக்கூட இறக்காமல், இரண்டு கைகளையும் மல்லாத்தி அவள் முன்னால் நீட்டினார். இரண்டு உள்ளங்கையும் ஒன்றுபோலச் சிராய்த்து, ஒன்றுபோலச் செம்மண் அப்பிக் கிடந்தன.