எங்கள் ஸ்கூலை மூடப் பார்த்த ஹெச்.எம். சார்

ஹெச்.எம். சார் இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலியாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டதாம்.

தையல் கடையைத் திறந்து மெஷின் உறையை எடுத்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ்தான் போன் போட்டுச் சொன்னாள். ஃபேஸ்புக்கைத் திறந்தால், அதற்குள் சங்கரன்கோவிலே அழுதுகொண்டிருக்கிறது.

"மூட இருந்த அரசுப் பள்ளியைத் தனி ஒருவராகக் காப்பாற்றிய மாமனிதர்."

காப்பாற்றினாராம்!

இதை ஷேர் செய்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலுக்குத் தினமும் காலையில் மஞ்சள் வேன் வரும். அரசுப் பள்ளிமேல் அவ்வளவு பாசம்.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். சரி, பேசவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக... எங்கள் தெரு தொடக்கப்பள்ளியில் பெற்றோர் கமிட்டித் தலைவி நான். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். என் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படித்தார்கள். மும்தாஜ் என் பக்கத்து வீடு, கமிட்டியிலும் பக்கத்து நாற்காலி.

பிள்ளைகள் குறைந்துகொண்டே போன வருடம் அது. சார் வீடு வீடாக வந்தார். புதிதாகப் பிள்ளை சேர்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் காபி எல்லாம் போட்டேன்.

"ஏம்மா, பிள்ளைய இங்கன போட்டு ஏன் கெடுக்க? டி.சி.ய வாங்கிட்டு வேற எங்கயாவது சேரு. ஸ்கூல மூடிட்டா எனக்கும் வீட்டுப் பக்கமா ஒரு எடம் கெடைக்கும்" என்றார்.

காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம்... அடுத்த வீட்டில் மும்தாஜிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அவள் காபி கொடுக்கவில்லை. விவரமானவள்.

ஸ்கூலை மூடக்கூடாது என்று கல்வி ஆபீசுக்குப் போனோம். "ஹெச்.எம். லெட்டர் கொண்டு வாங்க" என்றார்கள். ஹெச்.எம்.மிடம் போனோம். "ஆபீஸ்ல சொல்லட்டும்" என்றார்.

அப்புறம் எங்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கினோம். ஸ்கூலில் இருந்த இன்னொரு டீச்சர், பாவம், அவர் மட்டும்தான் எங்கள் பக்கம். சாயங்காலம் டீ நேரத்தில் தறிகள் நிற்கும் அல்லவா... அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளைத் தறிக்கூட வாசலில் நிறுத்தி, தமிழும் இங்கிலீஷும் சத்தமாகப் படிக்க வைத்தோம். டீ கிளாஸும் கையுமாக ஆண்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். கூட்டிப்போனது என் சின்னவளையும் சேர்த்து ஒரு கைப்பிடிப் பிள்ளைகளைத்தான்.

"இது எங்க படிச்சுச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்க வீட்டுக்கு எதுத்தாப்ல இருக்கே, அந்த ஸ்கூல்லதான்" என்றாள் மும்தாஜ்.

தெருத்தெருவாகப் போனோம். கக்கூஸுக்குக் கதவு வேண்டும் என்று கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். கதவு வந்தது. ஜூன் மாதம் பிள்ளைகள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் வராந்தாவில் பாய் விரிக்கிற அளவுக்கு.

சார் அந்தப் பக்கமே வரவில்லை. "பொம்பளைங்க கூத்து" என்று டீச்சரிடம் சொன்னாராம்.

ஆனால் பாராட்டு விழா வைத்தார்கள் பாருங்கள், அதற்கு முதல் ஆளாக வந்துவிட்டார். சால்வை, மாலை, போட்டோ. மைக்கைப் பிடித்து "என்னுடைய அயராத உழைப்பால்..." என்று ஆரம்பித்தார். நாங்கள் கடைசி வரிசையில்.

மும்தாஜ் முன்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "யா அல்லா... இந்தாளு உழைச்சத நீங்க பாத்தியளாக்கா?"

அந்த சால்வை போட்டோதான் இன்றைக்கு எல்லாருடைய ஸ்டேட்டஸிலும் ஓடுகிறது.

சார் ரிட்டயர் ஆனார். போனவர் போனவர்தான் என்று நினைத்தோம். போன வருடம் அட்மிஷன் நாளில், ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மகள் வயிற்றுப் பேத்தி, அபி. கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

"என்ன சார், இங்கன?" என்றேன்.

பிள்ளையின் பையைத் தோளில் சரிசெய்துவிட்டார். பிறகு, "மெதுவா படிக்காளாம்... கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பேரை எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? பத்தே நாளில் என் கடைக்கு வந்து நின்றார். "ரெண்டாங் கிளாஸ்ல ஃபேன் ஓடல. கமிட்டின்னு இருந்துட்டு என்னத்தப் பாக்கிய?"

அவர் ஹெச்.எம்.ஆக இருந்தபோது ஓடாத அதே ஃபேன்.

"கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க சார்" என்றேன். வந்தார்! ஒரு கூட்டம் விடாமல் வந்தார். ஃபேன், தண்ணீர்த் தொட்டி, சத்துணவு முட்டை என்று குறை சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தார். மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தை... கிடையாது.

மதியம் நானும் மும்தாஜும் போய்விட்டு வந்தோம். மாலை வாங்கவில்லை. மனசு வரவில்லை.

விழாவில் சாருக்குச் சால்வை போட்ட ஆட்கள்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அபி ஒரு மூலையில் நின்றாள், யூனிஃபார்மோடு. ஸ்கூலுக்குக் கிளம்பி நின்ற பிள்ளைக்கு உடுப்பு மாற்றிவிட யாருக்கும் தோன்றவில்லை.

அவளைப் பார்த்துவிட்டு சாரின் தம்பி சொன்னார்: "இனி யாரு அவ்வளவு தூரம் கொண்டு போயி விடுவா? படிப்பும் ஏறல. வீட்லயே கெடக்கட்டும்."

ஹெச்.எம். தம்பி அல்லவா... வேறு எப்படிப் பேசுவார்.

"அத நீங்க சொல்லாதீய" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சாவு வீடு என்று மும்தாஜ் கையைப் பிடித்தாள்.

அபி என்னிடம் வந்து, "அத்தை, இன்னைக்கு ஸ்கூல் உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைக்கு ஒனக்கு லீவு மக்கா. திங்கக்கிழமை உண்டு. நான் வந்து கூப்பிடுதேன்."

அவள் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். சரி என்று தலையை அசைத்தாள். எனக்கு அது போதும்.

வரும்போதே திங்கட்கிழமைக்கு ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு.

போயிட்டு வாங்க சார்.