முனிரத்தினம் அண்ணன் மிதித்த பிரேக்

பொதட்டூர்பேட்டை ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முனிரத்தினம் அண்ணனின் மனைவி ராஜம்மா அண்ணி. "வேலு, உங்க அண்ணன் எழுந்துக்கல" என்றார். காபி கொண்டுபோய் வைத்து, "பாவா, பாவா" என்று புருஷனை வழக்கம்போல் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறார். தூக்கத்திலேயே போயிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இரண்டு வருஷமாக இறுகிக் கிடந்த ஒரு பயம் சட்டென்று அவிழ்ந்தது. இனி யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டதே என்று நினைத்ததும் அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"பதினைந்து வருஷம் அவர்கூட ஓடின கண்டக்டர் நீதானே, இரங்கலை நீயே எழுது" என்று நம் பஸ் தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள். திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவில் அந்தத் தனியார் பஸ்ஸை அவர் ஓட்டிய அழகு உங்களுக்குத் தெரியும். கிருத்திகைக் கூட்டத்தில் காவடிக்காரர்களுக்குப் பின்னால் ஒரு ஹாரன் இல்லாமல் ஊர்ந்து வருவார். நான் அவசரப்படுத்தினால், "முருகனே நடந்துதான் வர்றாரு, நமக்கு இன்னா கேடு?" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரு நைனா. முன்னால கண்ணு வெச்சவன் ஒருத்தன், பின்னால கண்ணு வெச்சவன் ஒருத்தன்." அந்தப் பின்னால் கண் வைத்தவனின் லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பொதட்டூர்பேட்டை ஸ்டாண்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். நான் பின்னால் நின்று விசில் கொடுத்தேன். சின்னச் சின்னதாக ஊதினால் வரலாம், நீளமாக ஊதினால் நிற்க வேண்டும். பஸ் மேலே ஏற்றுவதற்காக லுங்கிக் கட்டோடு நெசவாளி தனபால் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். நீள விசில் கேட்டு முனிரத்தினம் அண்ணன் பிரேக்கை மிதித்தும், வண்டி தனபாலின் வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. தறி மிதிக்கிற கால். டிரைவருக்கு வயசாகிவிட்டது, கால் தாமதமாகப் போயிருக்கிறது என்று ஊரே சொன்னது. அவரும் நம்பினார். நடந்தது வேறு. நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் பழக்கத்தில் வா, வா என்று ஊதிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து நீளமாக ஊதுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போலீஸ் கேட்டபோது, "நான் கரெக்டாத்தான் ஊதினேன் சார்" என்றேன்.

மறுநாளே அவர் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். "கால் செத்துப்போச்சு நைனா. இதை வெச்சிகினு ஜனங்களை ஏத்தக் கூடாது" என்றார். "ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றேன். வேறென்ன சொல்வேன், பாவி.

அவர் வீட்டில் மகள் காலேஜ் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று பெங்களூர் மருமகன் அதில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. காலைச் சோதித்துப் பார்க்கிற மிஷினாகத் தெரிந்தது. என் லீவு நாளாகப் பார்த்துக் கூப்பிட்டார். "விசிலை எடுத்துகினு வா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பார். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் சுவர் நெருங்கும்போது நீளமாக ஊத வேண்டும். ஊதியதும் மிதிப்பார். பத்துக்குப் பத்து தடவையும் பஸ் மோதியது. "பாத்தியா? எவ்ளோ லேட்டு, பாத்தியா?" என்று தொடையில் அடித்துக்கொண்டார். அவர் கால் என் விசிலோடு சேர்ந்தே இறங்கியதை நான் பார்த்தேன். திணறியது மிஷின்தான். படம் விட்டு விட்டு ஓடியது. பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணிக்குப் பொறுக்காமல் அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பஷீர் பாயை வரவழைத்தார். அவர் பெட்டியைத் திறந்து ஒரு முறம் தூசியைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க மிதிக்கிறது உடனே போயிடுது. இது காட்டுறதுதான் லேட்டு. பத்து வருஷத்து சாமான். ரேம் ஏத்தணும், ஹார்ட் டிஸ்குக்கு பதிலா எஸ்எஸ்டி போடணும், கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணும்" என்றார். அண்ணன் முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு உயிர் வந்தது. "அப்போ காலு நல்லா இருக்கலாம்ன்றியா?" "மாத்திட்டுப் பாருங்களேன்" என்றார் பாய். கால் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி என்னிடம்தானே வரும்?

ரேமும் எஸ்எஸ்டியும் போட்டார்கள். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம் என்றிருந்த மிஷின் உட்காருவதற்குள் தயாராக நின்றது. இப்போது பத்தில் மூன்று தடவை பஸ் மோதாமல் நின்றது. "கார்டும் போட்டுட்டா தெரிஞ்சிடும் நைனா" என்று சின்னப்பிள்ளைபோல் சிரித்தார். "இது போதுமேண்ணா, எதுக்கு வீணா?" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கார்டை வாங்கி வர என்னையே அனுப்பினார். பாய் பெட்டியைக் கொடுத்து, "பழைய பவர் சப்ளை இதுக்குத் தாங்காது. அதையும் மாத்தணும், அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிடு" என்றார். ஆங், ஆங் என்று தலையாட்டினேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று திருத்தணி வரும்வரை யோசித்தேன். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டுமே, எனக்கேது? அதைவிடச் சுலபமான ஒன்றைச் செய்தேன். சப்ளை பற்றிச் சொல்லவில்லை.

மருமகன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நாங்களே கார்டை மாட்டினோம். ரிவர்ஸ் போட்டு வண்டி நகர்ந்தால் போதும், மிஷின் பொட்டென்று அணைந்துவிடும். "இதுவும் என்னை மாதிரி பாதியில நின்னுடுது" என்று சிரிக்கப் பார்த்தார் அண்ணன். மூன்று வாரம் அப்படியே ஓடியது. அந்த மூன்று வாரம்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அப்புறம் ஒருநாள் திருத்தணியில் ஏதோ கடைக்கு வேலையாக வந்த பாய், அண்ணன் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தார். நானும் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும், "சப்ளை மாத்தணும்னு வேலுகிட்ட அன்னைக்கே சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா?" என்றார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷம் கண்ணாடியில் என்னைப் பார்த்த கண்கள். "மறந்துட்டேண்ணா" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது. அவர் பாய் பக்கம் திரும்பி, "மாத்திடு" என்று மட்டும் சொன்னார்.

சப்ளை மாற்றிய அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்து, "ஊது" என்றார். உதடு காய்ந்து முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஊதினேன். கால் இறங்கியது. பஸ் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடி நின்றது. ஒன்பது தடவையும் நின்றது. பத்தாவது தடவை, அடப் பாவி, வேண்டுமென்றே தாமதமாக ஊதினேன். ஒரு தடவையாவது மோதட்டும், கால்மேல் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கட்டும் என்று. பஸ் மோதியது. அந்தத் தடவை அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

கத்துவார், சட்டையைப் பிடிப்பார், முதலாளிக்கு போன் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "பழசாவே விட்டிருக்கலாம் நைனா" என்றார். பிறகு, "உம் பெரிய பொண்ணு எந்த கிளாஸு?" என்று கேட்டார். "பத்தாவதுண்ணா." "ஆங். நல்லா படிக்க வை."

அதற்குப் பிறகும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை. திரும்பினால் தப்பு யாருடையது என்று சொல்ல வேண்டிவரும். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம், "காலு சரியில்லப்பா" என்றே சொல்லியிருப்பார். நல்ல காலை வைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு நன்றி வரவில்லை, பயம்தான் வந்தது. இன்றைக்குச் சொல்வாரா, நாளைக்குச் சொல்வாரா என்று போன் அடித்தாலே அவர் பேரா என்றுதான் முதலில் பார்ப்பேன். மலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வண்டியிலிருந்து கோபுரம் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழாது. அவர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தபோது அவரே கூப்பிட்டார். "ஏன் வர்றதில்ல? விசில் வேணாம், சும்மா வா." போனேன். அவர் திரையில் நேர்ச்சாலையாகப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருப்பார். ரிவர்ஸ் பக்கமே போகமாட்டார்.

அண்ணனின் உடலை எடுப்பதற்கு முன் தனபால் அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து மாலை போட்டார். இப்போது தறியில் உட்கார முடியாமல் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார். "பாவம், கால் வராத வயசுல வண்டி ஓட்டிட்டாரு. நான் மனசுல ஒண்ணும் வெச்சிக்கல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணனின் கால் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. அந்தத் தகுதி எனக்கில்லை. என் பழியை இரண்டு வருஷம் அவர் சுமந்தார். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். இதைச் சங்கத்தில் படித்ததும் வேலை போகலாம், போலீஸ் வரலாம். என் பெண்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. தனபால் அண்ணே, உங்கள் காலை உடைத்தது முனிரத்தினம் அண்ணன் இல்லை. நான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள்.