ஓட்டை போட்ட கார்டு

என் மேசை விளக்கின் கழுத்தில் ஒரு ஸ்மார்ட் கார்டு தொங்குகிறது. சிப் இருக்க வேண்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பச்சை நூல் டேக் ஒன்று போகிறது. அரசாங்க அலுவலகங்களில் ஃபைலில் காகிதம் கோக்கிறார்களே, இரண்டு முனையிலும் தகரக் குச்சி வைத்த அதே டேக்தான். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீளம் போதாமல் மூன்று டேக்குகளை முடிச்சுப் போட்டு இணைத்திருக்கிறது. "இது வேலை செய்யுமா சார்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். செய்யாது. எந்த ரீடரில் செருகினாலும் சிவப்பு விளக்குதான் எரியும். என்னிடம் இருக்கும் கார்டுகளிலேயே நான் பத்திரமாக வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

கார்டின் சொந்தக்காரர் எங்கள் பழைய அலுவலகத்தின் ரெக்கார்ட் கீப்பர். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தக் கட்டடத்தில் நான் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அவர் நிரந்தர ஊழியர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், எல்லாருக்கும் அண்ணன். தினமும் கனகசெட்டிக்குளத்திலிருந்து வண்டியில் வருவார். பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதம் முதல் நேற்று வந்த கடுதாசி வரை எது எந்த பீரோவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருடைய வேதம் ஒன்றே ஒன்றுதான்: "ஓட்ட போட்டுக் கோத்து வச்சது தொலையாது தம்பி." கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் மேசை மேலிருக்கும் இரும்புப் பஞ்சிங் மிஷினில் கொடுத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் யாருக்குக் கல்யாணம் என்று படிப்பார்.

அந்த வருஷம், காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகப் போய் டைரக்டரிடம் வாய் கொடுத்தேன். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. செருகி ரகசிய எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் திறக்கும், உருவினால் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைக்கும் எங்கள் ஆட்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது என் கட்சி. டைரக்டர் ஒத்துக்கொண்டார். "திங்கக்கெழம கமிட்டி வந்து பாக்கும். ஓடிச்சின்னா எல்லாப் பிரிவுக்கும் போடுவோம். ஓடலன்னா பழசுக்கே திரும்பிடுவோம், நீயும் வேற எடம் பாத்துக்க" என்றார். எனக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. நெல்லித்தோப்பில் வாடகை வீடு. மில் மூடியதிலிருந்து அப்பா சும்மா இருந்தார். வேறு இடம் என்று ஒன்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அலுவலக முத்திரை அச்சடித்த நாற்பத்திரண்டு கார்டுகளையும் தயார் செய்து, பூட்டு இருக்கும் ஒரே அறை என்பதால் ரெக்கார்ட் ரூமில் கொடுத்துவைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை சோதிக்கலாம் என்று போனேன். அண்ணன் மேசையில் நாற்பத்திரண்டு கார்டுகளும் பச்சை டேக் மாட்டி, சம்பங்கி மாலை மாதிரி வரிசையாகக் கிடந்தன. கார்டின் குறுகிய ஓரத்தில், சரியாக நடுவில் ஓட்டை. அதாவது சிப்பின் நெற்றிப்பொட்டில். "டீ குடிக்கப் போறவங்கோ ரீடர்லியே வுட்டுட்டுப் போயிடறாங்கன்னு சொல்லிக்கினு இருந்தியே. கழுத்துல மாட்டிக்கினா மறக்க மாட்டாங்க பாரு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக எழுதக் கூசுகிறது. "இது என்னா ஃபைலாண்ணே? அறிவு வேணாம்? எம் பொழப்புலியே ஓட்ட போட்டுட்டீங்களே!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அவர் டேக்கின் தகரக் குச்சியை விரலால் நிமிர்த்திக்கொண்டே நின்றார்.

சோதனைக்காக வாங்கிய வெற்றுக் கார்டுகள் என் இழுப்பறையில் கிடந்தன, நல்லவேளை. வேறு கம்பெனிக் கார்டுகள்தான். பழைய சாஃப்ட்வேராக இருந்தால் அவற்றைத் தொட்டே பார்க்காது; விற்றவனுக்குக் கடிதம் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லினக்ஸ் திறந்த நிரல், பூட்டு கிடையாது. எங்கே இடிக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்து நானே சரிசெய்ய முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் நீள ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊழியர் எண்களை ஒரு தாளும் பார்க்காமல் அவர் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு கார்டின் சிப்பிலும் எழுதினேன். சாயங்காலம் ஒரு சமயம் "தம்பி, டீ வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம், வாங்குங்கண்ணே" என்றேன்.

சொன்ன வாயை மூடுவதற்குள் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. கார்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "தம்பி, இதுல ஓட்ட போட்டுக் கோத்துடட்டுமா?" என்று கேட்டது. இதே குரலில், இதே மாதிரி திரையைப் பார்த்தபடி, "ம், போடுங்கண்ணே" என்று நான் சொன்னது. அடப்பாவி, சொன்னது நான்தான்! டீயோடு திரும்பி வந்தவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டீயை மட்டும் வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை எல்லாம் ஓடியது. கமிட்டி பாராட்டிவிட்டுப் போனது. அவர்கள் போனதும் டைரக்டர், "நம்ம கார்டெல்லாம் எங்க? ஏன் எல்லாம் வெள்ளையா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். "நாந்தான் சார் ஓட்ட போட்டேன். யாரையும் கேக்கல." பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று பிறகு எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவருக்கு மெமோ வந்தது. ஊழியர்களின் ஃபைல்களைப் பராமரிப்பவர் அவர்தான் என்பதால், தனக்கு வந்த மெமோவை அதே மிஷினில் ஓட்டை போட்டுத் தன் ஃபைலில் தானே கோத்துக்கொண்டார். அடுத்த மாதம் காரைக்காலுக்கு மாற்றல்.

அவர் கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். "அண்ணே, வெள்ளிக்கிழம நீங்க கேட்டீங்க. நாந்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். நீ கம்ப்யூட்டரப் பாத்துக்கினு சொன்ன."

"அப்பறம் ஏண்ணே சொல்லல?"

"எனக்கு மெமோ குடுத்தா ஃபைல்ல ஒரு தாளு கூடும். உனக்குன்னா ஃபைலயே மூடிடுவாங்க. கொழந்தைய வச்சிக்கினு எங்க போவ?" பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "காரைக்கால்ல தள்ளுவாங்கன்னு மட்டும் சத்தியமா நெனைக்கலப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் போனதும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோது, அந்த மெமோவைக் காட்டி அவர் பெயரைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றே உட்கார்ந்து எழுதினேன்: ஓட்டை போடச் சொன்னது நான், அவர் என்னைக் கேட்டுத்தான் செய்தார். டைரக்டர் படித்துவிட்டு, "இப்பத்தான் தோணுச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தாளை ரெக்கார்ட் ரூமுக்கு எடுத்துப்போய் நானே மிஷினில் அமுக்கி, மெமோவுக்கு மேல் கோத்தேன். அண்ணனுக்கு உயர்வும் வந்தது, ஊருக்கு மாற்றலும் வந்தது. என் ஒப்பந்தத்தை மறுபடி புதுப்பிக்கவில்லை. மூன்று மாதம் வேலை இல்லாமல் திண்டாடி, பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இதே வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த வாரமே அண்ணன் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். "உன்ன யாருடா எழுதச் சொன்னது? லூசாடா நீ?" என்று வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தவர், திட்டி முடித்ததும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் ஒரு மாணவனின் கார்டை எழுதிக்கொண்டிருந்தேன், பாதியில் விட முடியாது. பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, எங்கார்டு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இந்த வெளக்குல மாட்டட்டுமா?"

நாற்காலியை முழுதாகத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்து, "மாட்டுங்கண்ணே" என்றேன்.