எங்கள் வீட்டு நாய்க்கு என்ன பேர்?

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டு வெயிலடித்த ஒரு சனிக்கிழமை. கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் விலங்குகள் காப்பகம் ஒன்றில், நானும் அம்மாவும் ஒரு கம்பிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா இருந்தார். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் திருநெல்வேலிக்கார அண்ணன் இருந்தார். யார் கட்டாயம் இருந்திருக்க வேண்டுமோ அவர் மட்டும் இல்லை. அப்பா வால்பாறைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டு மேலேயே மாட்டிக்கொண்டார். போனும் கிடைக்கவில்லை.

கூண்டுக்குள் சுருண்டு படுத்திருந்தது அப்பாவுடைய நாய்.

'அப்பாவுடைய' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். ஒரு தடவை காங்கேயத்தில் எண்ணெய் மில்லுக்குத் தேங்காய் லோடு இறக்கிவிட்டு, போத்தனூர் வந்து பின்கதவைத் திறந்தால், காலிச் சாக்குமேல் ஒரு குட்டி உட்கார்ந்திருந்ததாம். எப்படி ஏறியது என்று இன்றுவரை தெரியாது. அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "ஏனுங்க, இந்த ஊட்டுல ஒண்ணு நானிருக்கோணும், இல்லாட்டி அது இருக்கோணும்" என்றார். கடைசியில் இரண்டு பேருமே இருந்தார்கள். ஆனால் அம்மா அதைத் தொட்டதில்லை, ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பேச்சு வந்தால் 'அது'தான். அப்பாவும் பேர் வைக்கவில்லை. அவர் லாரியை விட்டு இறங்கினால் போகிற இடமெல்லாம் அது பின்னாலேயே போகும். கூட இருக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை என்ன?

அப்படிப் பின்னால் போனதுதான் வினை. வால்பாறைக்குக் கிளம்பிய லாரியைத் துரத்திக்கொண்டு ஓடியபோது ஒரு பைக் அடித்துவிட்டது. அப்பாவுக்கு அது தெரியாது, லாரி அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டது.

பின்னங்கால் தொங்கியது. தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் மஞ்சள் என்றார், ஒருத்தர் பால் ஊற்றச் சொன்னார். எதிர்வீட்டு அத்தை, தான் மூட்டுவலிக்குப் போடும் மாத்திரையையே எடுத்து வந்துவிட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான். எது நடந்தாலும் "நீ படிச்ச பையன், சொல்லு சாமி" என்பார்கள். நான் படித்ததோ பம்ப் மோட்டார். நாய்க்கால் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கிடையாது. போனில் தேடி இந்தக் காப்பகத்தின் நம்பரைப் பிடித்தேன்.

எடுத்த பெண் பதறாமல் பேசினார். "மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்க. மனுசங்க போடற வலி மாத்திரை நாய்க்கு உயிருக்கே ஆபத்துங்க. பாலும் வேண்டாம். காலைப் பிடிச்சுத் தூக்காம, ஒரு பலகையில மெதுவா நகர்த்திப் படுக்க வைங்க. வலியில வளர்த்தவங்களையே கடிக்கும், உங்க கையைப் பார்த்துக்கோங்க. வண்டி வருது" என்றார். அத்தை மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டி வந்தது, கொண்டுபோனார்கள், அன்றே ஆபரேஷனும் செய்தார்கள். கால் பிழைத்தது.

நாய்தான் பிழைக்குமா என்று தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பருக்கை தொடவில்லை. சனிக்கிழமை டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார்: "டிரிப்ஸ்லயே ரொம்ப நாள் ஓட்ட முடியாதுங்க. உடம்புல தெம்பே இல்லை. இன்னைக்காவது வாய் வைக்கணும். பழகின குரல் கேட்டாச் சாப்பிடும். வீட்டுல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"பேரே வைக்கலைங்க" என்றேன்.

"பேரு இல்லாம ஒரு நாயா?" என்று திருநெல்வேலி அண்ணன் ஆச்சரியப்பட்டார். கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி, "ஏலே, எந்திச்சு ரெண்டு வாய் சாப்பிடுலே" என்றார். அசைவில்லை. மணி, ராஜா, டைகர் என்று ஊரிலுள்ள நாய்ப் பேரெல்லாம் சொல்லிப் பார்த்தார். பிறகு நான் என் பங்குக்கு, "கம் பாய், கம்! ஈட், ஈட்!" என்றேன். நாயைக் கண்டால் நமக்கு ஏன் இங்கிலீஷ் வருகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங் கண்ணு, அது காங்கேயத்து நாயி. எந்தக் கான்வென்ட்ல படிச்சுதாமா?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அம்மா மெதுவாக, "பொழச்சுக்குமுங்களா?" என்று கேட்டார். மடியில் ஒரு தூக்குப்போசி. காலையில் கிளம்பும்போது எனக்குத்தான் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் குழையப் பிசைந்த சோறு, உப்பில்லாமல். "உங்கப்பன் வந்து வண்டிய நிறுத்துனதும் மொதல்ல அதத்தான தேடுவாரு. நான் என்ன பதிலச் சொல்லட்டும்?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. அப்பா! பாதை திறந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அம்மா போனில் பேசினால் வால்பாறைக்கு நேராகவே கேட்கும்.

"ஏனுங்க! கேக்குதுங்களா? ஏனுங்க!"

டப் டப்பென்று கூண்டுக்குள் ஒரு சத்தம். தகரத் தரையில் வால் அடிக்கிற சத்தம். பார்த்தால், தலையைத் தூக்கி அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அம்மா மட்டும் அதைக் கவனிக்கவில்லை. "ஏனுங்க, நீங்க பேசறது கேக்கவே மாட்டேங்குதுங்க!" என்று மறுபடி கத்தினார். மறுபடி டப் டப்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்கள் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு 'ஏனுங்க'தான் பேர். சமையல்கட்டிலிருந்து அம்மா, "ஏனுங்க, சோறு போட்டாச்சு, வாங்க" என்று குரல் கொடுத்ததும் அப்பா எழுந்து வருவார், பின்னாலேயே அது வரும். முதல் உருண்டை அதற்குத்தான். அப்பா தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று வந்துகொண்டிருந்தார். நாயும் அப்படியேதான் நினைத்து வந்திருக்கிறது!

விஷயத்தைச் சொன்னதும் திருநெல்வேலி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட என் மக்கா! வீட்டுக்காரருக்கும் நாய்க்கும் ஒரே பேரால்லா இருக்கு!"

அம்மாவின் முகம் சிவந்துபோனது. "அய்யோ, இதென்ன கூத்து! ஊருக்குள்ள தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

"ஊர் கிடக்குதுங்கம்மா. நீங்கதான் கூப்பிடணும். இப்பவே" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். போனை அணைக்க மறந்து அப்படியே கீழே வைத்து, உள்ளங்கையில் சோற்றை எடுத்து நீட்டி, முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் கூப்பிட்டிருப்பாரே அந்த மாதிரிக் குரலில், "ஏனுங்க… சோறு போட்டாச்சு. வாங்க" என்றார்.

போனிலிருந்து அப்பா குரல் வந்தது. "நான் இன்னும் ஆழியாறே தாண்டல அம்மணி. எங்கிருந்து வாரது?"

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அண்ணனும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே நாய் முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. மோந்தது. நக்கியது. பிறகு ஒரு வாய் தின்றது. அதைத் தொடவே தொடாத அம்மா, கையை எடுக்கவில்லை. "தின்னுங்க சாமி, தின்னுங்க" என்று சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"போதும் போதும், கொஞ்சம் கொஞ்சமாத்தான்" என்று டாக்டரம்மாதான் தடுக்க வேண்டியிருந்தது.

கால் ஊன்ற ஆரம்பித்ததும் அப்பாவே போய் அழைத்து வந்தார். அங்கேயே கருத்தடையும் செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். ஊசியை வருஷா வருஷம் போட வேண்டும், வேகவைத்த கோழி எலும்பு கொடுக்கக் கூடாது, லாரி கிளம்பும்போது கட்டிவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார் டாக்டரம்மா. அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். கூண்டில் தொங்கிய அட்டையில் அண்ணன் 'சின்ன ஏனுங்க' என்று எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போதும் அம்மா சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தால் இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள். "என்னையா, அவரையா?" என்று அப்பா கேட்பார். "ஆருக்குப் பசிக்குதோ அவுங்க வாங்க" என்பார் அம்மா.

பேர் வைத்துக் கொஞ்சினால்தான் பாசம் என்று நான் நினைத்திருந்தேன். 'அது' என்று மட்டுமே சொன்ன அம்மாதான், தன் வாயிலிருக்கும் மிகப் பிரியமான வார்த்தையை, தனக்கே தெரியாமல் அதற்கும் கொடுத்திருந்தார். காப்பகத்தில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. முடிந்தால் உண்டியலில் போடுங்கள் என்றார்கள். வால்பாறை வாடகையில் டீசல் போக மிஞ்சியதை அப்பா அப்படியே போட்டுவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர் என்று நான் இன்று தயங்காமல் சொல்வதற்கு ஆன மொத்தச் செலவு, இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.